பெருமிதமும் அச்சமும்: புதிய காமிக்ஸ் இதழ்களை அளக்கும் கோல்

அமெரிக்காவில் புதன்கிழமை, சித்திரக் கதை வாசகர்களின் நாள். அன்று காமிக்ஸ் கடைகளில் அந்த வாரத்துப் புதிய இதழ்கள் அடுக்கடுக்காக வந்து நிற்கும். அவற்றுள் கண்ணில் முதலில் படுபவை இரண்டு வகை: மானிட எல்லையைக் கடந்த வல்லமை வாய்ந்த சூப்பர் ஹீரோக்களின் சாகசக் கதைகள் ஒன்று, பேயும் பிணமும் பெயரறியா ஜந்துக்களும் உலவும் பயங்கரக் கதைகள் மற்றொன்று. இதழ் வெளிவரும் அன்றைக்கே, சில சமயம் அதற்கு முன்பேகூட, விமர்சனங்களும் வந்துவிடுகின்றன. பாதிக்கு மேல் கதைச் சுருக்கம், ஓவியம் நேர்த்தி என்று ஒரு வாக்கியம், முடிவில் பத்துக்கு எட்டு என்றோ ஒன்பது என்றோ ஒரு மதிப்பெண். பெரும்பாலானவற்றின் லட்சணம் இவ்வளவுதான். இருபது பக்கச் சொச்சமே உள்ள மெல்லிய இதழுக்கு நான்கு, ஐந்து டாலர் கொடுக்கும் வாசகன், இந்த எட்டும் ஒன்பதும் எந்தக் கோலால் அளந்து வந்தவை என்று கேட்டால், அதற்கு மறுமொழி சொல்ல வேண்டிய கடமை விமர்சகனுக்கு உண்டு. பல்லாண்டுகளாக இவ்விதழ்களை விடாது வாசித்து வருகிறவன் என்ற முறையில், அந்த மறுமொழியை நானே தேடிப் பார்க்க முற்பட்டதன் விளைவு இக்கட்டுரை.

தேடியபோது எனக்குக் கை கொடுத்தவர் தொல்காப்பியர். மெய்ப்பாட்டியலில் அவர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளுள் பெருமிதமும் அச்சமும் தனித்தனியே நிற்கின்றன. கல்வி, தறுகண், புகழ், கொடை என்ற நான்கில் பெருமிதம் பிறக்கிறது என்றும், அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்ற நான்கில் அச்சம் பிறக்கிறது என்றும் அவர் வகுத்திருக்கிறார். சூப்பர் ஹீரோக் கதையின் ஜீவன் பெருமிதம், பயங்கரக் கதையின் ஜீவன் அச்சம், இது வெளிப்படை. ஆனால் அச்சத்தின் நான்காவது நிலைக்களனைச் சற்று நின்று நோக்க வேண்டும். தெய்வத்துக்கும் புலிக்கும் திருடனுக்கும் அஞ்சுவது இயல்பு. தன்னைக் காக்க வேண்டிய தன் தலைவனுக்கே அஞ்சுவதை அவர் ஏன் சேர்த்தார்? காவலனே அச்சத்துக்குக் காரணமாகும்போது அடைக்கலம் புக வேறு இடம் இராது என்பதனால் என்றே நான் கொள்கிறேன். பெருமிதத்துக்கு உரியவனும் அச்சத்துக்கு உரியவனும் ஒருவனாகவே ஆகிவிடும் அந்த இடத்தில்தான், இன்றைய சூப்பர் ஹீரோக் கதையும் பயங்கரக் கதையும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. எட்டனுள் இன்னொன்றும் இங்கே வேண்டியிருக்கிறது. அது இளிவரல், அதாவது அருவருப்பு. அச்சத்தைத் தருவதாகச் சொல்லி அருவருப்பைத் தந்துவிட்டுப் போகும் இதழ்கள் ஏராளம். இரண்டையும் பிரித்தறியாத விமர்சனங்கள் அவற்றினும் ஏராளம்.

இவ்விரு வகைகளும் பிறப்பிலேயே உறவுடையவை. 1938 ஜூன் மாதத்தைத் தாங்கி, பத்து சென்ட் விலையில் வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் படைத்த சூப்பர்மேன் தோன்றினான். மறு ஆண்டில் வந்த பேட்மேனோ தோற்றத்திலேயே பயங்கரக் கதையின் பிள்ளை. தோன்றிய ஆண்டு முடிவதற்குள்ளேயே அவன் ஓர் இரத்தக் காட்டேரியோடு போரிட்டுவிட்டான். உலக யுத்தம் முடிந்ததும் சூப்பர் ஹீரோக்களின் மவுசு சரிய, அந்த இடத்தைக் குற்றக் கதைகளும் பயங்கரக் கதைகளும் பிடித்துக்கொண்டன. 1947இல் படகு விபத்தில் மாண்ட தந்தையிடமிருந்து இ.சி. பிரசுரத்தைப் பெற்ற வில்லியம் கெய்ன்ஸ், ஆசிரியர் ஆல் ஃபெல்ட்ஸ்டைனோடு சேர்ந்து 1950இல் தொடங்கிய 'டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட்' முதலான மூன்று பயங்கர இதழ்களும், ஏழெட்டுப் பக்கங்களில் முடிந்துவிடும் கதைகளால் ஒரு புதிய சம்பிரதாயத்தையே உண்டாக்கின. அவற்றில் வெட்டுண்ட கைகால்கள் உண்டு, அழுகிய பிணங்கள் உண்டு. இளிவரலுக்குக் குறைவே இல்லை. ஆனாலும் அதே ஸ்தாபனத்திலிருந்து 1953இல் வெளிவந்த 'ஜட்ஜ்மென்ட் டே' என்னும் கதையை நினைத்துப் பாருங்கள். ஆரஞ்சு நிற இயந்திர மனிதர்கள் நீல நிற இயந்திர மனிதர்களை ஒதுக்கி வைத்திருக்கும் ஒரு கிரகத்துக்குப் பூமியிலிருந்து சோதனையாளர் ஒருவர் வருகிறார். அந்தச் சமூகத்துக்கு இன்னும் தகுதி வரவில்லை என்று தீர்ப்பளித்துத் திரும்புகிறார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றும்போது அவர் ஒரு கறுப்பர் என்று தெரிகிறது. ஜோ ஓர்லாண்டோ தீட்டிய அந்த முகத்தில் அரும்பிய வியர்வைத் துளிகள், அன்றைய அமெரிக்கா தன்னைப் பற்றியே கொள்ள வேண்டியிருந்த அச்சத்தைக் காட்டின.

அந்த இ.சி.க்கு வந்த முடிவை ஒவ்வொரு விமர்சகனும் அறிந்திருக்க வேண்டும்; விமர்சனம் என்பது தண்டனையாக மாறினால் என்ன நேரும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடையாது. மனநோய் மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தாம் 1954இல் வெளியிட்ட 'செடக்‌ஷன் ஆஃப் தி இன்னசென்ட்' என்னும் நூல், சிறுவர் குற்றங்களுக்குக் காமிக்ஸ் காரணமென்று வாதித்தது. நியூயார்க் ஹார்லெமில் ஏழைக் கறுப்பின மக்களுக்காக மருத்துவமனை நடத்திய நல்லெண்ணம் படைத்தவர் அவர் என்பதை மறைக்கக் கூடாது; அவர் தம் நோயாளிகளின் வாக்குமூலங்களைத் தம் முடிவுக்கேற்ப வெட்டியும் ஒட்டியும் மாற்றியும் எழுதியிருந்தார் என்பதை, அவருடைய கைப்பிரதிகளைச் சோதித்த கரோல் டில்லி என்னும் ஆய்வாளர் 2012இல் வெளிப்படுத்தினார் என்பதையும் மறைக்கக் கூடாது. அதே 1954இல் செனட் உபகுழு நியூயார்க்கில் விசாரணை நடத்தியது. பெண்ணொருத்தியின் வெட்டுண்ட தலையை ஒருவன் கையில் பிடித்திருக்கும் அட்டைப்படம் ஒன்றைக் காட்டி, இது நல்ல ரசனைதானா என்று செனட்டர் எஸ்டஸ் கிஃபாவர் வினவ, பயங்கர இதழின் அட்டைக்கு இது பொருத்தமே என்று கெய்ன்ஸ் வாதாட, வழக்கு மக்கள் மன்றத்தில் தோற்றது. அஞ்சிய பிரசுரகர்த்தர்கள் கூடித் தமக்குத் தாமே ஒரு தணிக்கை விதியை இயற்றிக்கொண்டனர். 'ஹாரர்', 'டெரர்' என்ற சொற்கள் தலைப்பில் வரலாகாது. இரத்தக் காட்டேரியும் ஓநாய் மனிதனும் நடமாடும் பிணமும் கதையில் வரலாகாது. அட்டை மூலையில் அந்தத் தணிக்கையின் முத்திரை இல்லாத இதழை மொத்த விநியோகஸ்தர்கள் பெரும்பாலும் கையால் தொட மறுத்தனர். 'ஜட்ஜ்மென்ட் டே' கதையை இ.சி. மறுபடியும் வெளியிட முனைந்தபோது, அந்த நாயகன் கறுப்பராக இருக்கக் கூடாதென்று தணிக்கை அதிகாரி ஆட்சேபித்தார், கெய்ன்ஸும் ஃபெல்ட்ஸ்டைனும் பணிய மறுத்து அதை மாற்றாமலே அச்சிட்டனர், அதுவே இ.சி. வெளியிட்ட கடைசி காமிக்ஸ் இதழாயிற்று.

முன்வாசலில் தடுக்கப்பட்ட அச்சம் பின்வாசலால் நுழைந்தது. பல ஆண்டுகள் ராட்சத ஜந்துக் கதைகளைத் தயாரித்துப் பழகிய ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1962இல் படைத்த ஹல்க், சூப்பர் ஹீரோ வேஷம் பூண்ட ஒரு பூதம். ஃப்ராங்கன்ஸ்டைனின் படைப்பும், ஜெகில்–ஹைட் இரட்டை உருவமும் அதன் முன்னோர்கள். 1971இல் தணிக்கை விதி தளர்ந்து இரத்தக் காட்டேரிகளுக்கு மீண்டும் அனுமதி கிடைத்ததும், மார்வ் வுல்ஃப்மன் எழுத ஜீன் கோலன் வரைந்த 'டூம் ஆஃப் டிராகுலா' எழுபது இதழ்கள் வரை ஓடியது. பிற்காலத்தில் திரைப்படங்களால் புகழ்பெற்ற பிளேட் அதன் பத்தாவது இதழில் தோன்றியவன்தான்.

இந்த வரலாற்றில் ஒரே ஓர் இதழை மட்டும் பொறுக்கி எடு என்றால், நான் எடுப்பது 1984 பிப்ரவரி மாதத்தைத் தாங்கி வந்த 'ஸ்வாம்ப் திங்' இருபத்தோராவது இதழை. லென் வெய்ன், பெர்னி ரைட்சன் இருவரும் 1971இல் படைத்த அந்தச் சதுப்புநில உருவம், வெடிவிபத்தில் தாவரமாக மாறிப்போன அலெக் ஹாலண்ட் என்னும் விஞ்ஞானி என்றே வாசகர் நம்பி வந்தனர். என்றேனும் ஒரு நாள் அவன் மானிட உருவம் பெறுவான் என்பதே தொடரின் ஆசை. ஆலன் மூர் அந்த ஆசையை ஒரே இதழில் அறுத்தெறிந்தார். பிரேத பரிசோதனை செய்யும் வுட்ரூ என்னும் விஞ்ஞானி கண்டறிவது இதுதான்: ஹாலண்ட் செத்துவிட்டான், தான் ஹாலண்ட் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு செடிதான் எஞ்சியிருக்கிறது. மீள வேண்டிய மனிதனே இல்லாதபோது மீட்சி எங்கே? ஸ்டீவன் பிஸெட்டும் ஜான் டோட்டில்பெனும் கட்டங்களின் ஓரங்களையே வேர்களும் கொடிகளும் போல நெளியச் செய்ய, தாத்யானா வுட் பூசிய வர்ணங்கள் பக்கத்தை ஈரமாக்க, அந்த இதழைப் படித்து முடித்தவன் வெட்டும் குத்தும் கண்டு அஞ்சவில்லை. நான் என்று நான் கருதுவது யாது என்ற வினாவைக் கண்டு அஞ்சினான். சில மாதங்களில் அத்தொடர் தணிக்கை முத்திரையையே உதறிவிட்டு வெளிவந்தது. கான்ஸ்டன்டைன் என்னும் பாத்திரமும் 'சாண்ட்மேன்' தொடரும் 1993இல் கேரன் பெர்கர் தலைமையில் எழுந்த வெர்டிகோ பிரிவும் இந்த விதையிலிருந்து கிளைத்தவையே. தணிக்கை முத்திரை 2001இல் மார்வெல் பிரசுரத்தாலும் 2011இல் டி.சி. பிரசுரத்தாலும் கைவிடப்பட்டு ஒழிந்தது.

இந்த 'ஸ்வாம்ப் திங்' இதழிலிருந்து எனக்குக் கிடைத்த கோல் ஒன்று உண்டு. சூப்பர் ஹீரோக் கதை மாதாமாதம் திரும்பி வர வேண்டிய கதை; ஆகவே அதில் எந்த இழப்பும் நிலைப்பதில்லை. 1992 இறுதியில் உலகமே பேசும்படி மாண்ட சூப்பர்மேன் மறு ஆண்டே எழுந்து வந்தான். 2007இல் சுடப்பட்ட கேப்டன் அமெரிக்காவும் இரண்டே ஆண்டுகளில் திரும்பினான். அச்சத்துக்கோ இழப்பு மெய்யாக வேண்டும். போனது போனதுதான் என்ற நிச்சயம் இல்லாவிடில், எத்தனை குடலை உருவிக் காட்டினாலும் வாசகன் நெஞ்சில் இளிவரல் தோன்றுமே அன்றி அச்சம் தோன்றாது. ராபர்ட் கிர்க்மன் 2003இல் தொடங்கிய 'த வாக்கிங் டெட்' நூற்றுத் தொண்ணூற்று மூன்று இதழ்கள் வரை வாசகரைக் கட்டி வைத்ததற்குக் காரணம், ஜோம்பிகளின் எண்ணிக்கையைவிட, செத்தவர் அதில் திரும்பி வராதிருந்ததே. அதே கிர்க்மன் மார்வெலுக்காக எழுதிய, நாயகர்களே பிணந்தின்னிகளாக அலையும் கதை, எனக்கு ஒரு வாரம்கூட நினைவில் நிற்கவில்லை. அது வேறோர் உலகத்தில் நடப்பதாகையால் அங்கே யார் அழிந்தாலும் இங்கே எவருக்கும் நஷ்டமில்லை.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2018 முதல் 2021 வரை ஐம்பது இதழ்களில் முழுமை பெற்ற 'இம்மார்ட்டல் ஹல்க்' தொடரையே இவ்விரு வகையின் கலப்பில் தலைசிறந்ததாக நான் மதிக்கிறேன். எழுத்தாளர் ஆல் யூயிங் முதல் இதழில் செய்தது மிக எளியது: பெட்ரோல் நிலையமொன்றில் கொள்ளையடிக்க வந்த இளைஞன் மூவரைச் சுட்டுக் கொல்கிறான், அவர்களுள் ஒருத்தி சிறுமி, மற்றொருவர் ஹல்க்காக மாறும் புரூஸ் பேனர். பகலில் பேனர் சாகலாம். இரவில் ஹல்க் எழுவான். மரணத்திலிருந்து மீள்வது சூப்பர் ஹீரோக்களுக்கு வாடிக்கையான சௌகரியமாக இருக்க, யூயிங் அதையே சாபமாக்கி, இந்த மீட்சியை அளிப்பது எது, எந்த வாசல் வழியாக இவர்கள் திரும்புகிறார்கள் என்று கேட்டார். அந்தச் சிறுமி எழவில்லை என்பதை முதல் இதழே நமக்கு உணர்த்திவிடுகிறது. ஜோ பென்னட் வரைந்த உடல் விகாரங்களில் இளிவரல் மிகுதி என்று சிலர் குறை சொல்வர். நடு இதழ்களில் அக்குறை உண்மை என்றே நானும் ஒப்புவேன். ஆயினும் காவலனே அச்சத்துக்கு நிலைக்களனாகும் தொல்காப்பியர் வாக்கு இத்தனை பூரணமாக நிறைவேறியதை வேறோர் அமெரிக்க இதழில் நான் கண்டதில்லை.

நாயகர் உலகத்துக்கு வெளியே, ஜேம்ஸ் டைனியன் என்ற எழுத்தாளர் அச்சத்தைத் தம் தொழிலாகவே கொண்டிருக்கிறார். வெர்தர் டெல்லெடெரா வரைய, 2019இல் ஐந்து இதழ்களோடு முடிவதாகத் தொடங்கி நெடுந்தொடராக வளர்ந்த 'சம்திங் இஸ் கில்லிங் த சில்ட்ரன்' கதையில், குழந்தைகள் கண்ணுக்கே தெரியும் ஜந்துக்கள் விஸ்கான்சின் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றை வேட்டையாடுகின்றன. பெரியோர் நம்ப மறுப்பதே ஜந்துக்களைவிடப் பெரிய பயங்கரம். முதல் பதினைந்து இதழ்கள் அற்புதம். வேட்டைக்காரி எரிகாவின் சங்கத்து வரலாற்றை விரிக்க விரிக்க மர்மம் விளக்கமாகிப் பயம் தணிந்துவிடுகிறது. அல்வாரோ மார்ட்டினெஸ் புவேனோவுடன் அவர் செய்த 'த நைஸ் ஹவுஸ் ஆன் த லேக்' இதனினும் உயர்ந்தது. நண்பர்களை ஏரிக்கரை வீட்டுக்கு விருந்தழைக்கும் வால்ட்டர், உலகம் எரிந்தழியும்போது அவர்களை மட்டும் காப்பாற்றுகிறான். அவர்களால் அங்கிருந்து போகவும் இயலாது, சாகவும் இயலாது. காப்பாற்றிய அன்பே சிறையாவதைப் பன்னிரண்டே இதழ்களில் சொல்லி முடித்த அடக்கம் போற்றத்தக்கது.

2024இல் இ.சி. என்ற பெயரே ஓனி பிரஸ் மூலம் உயிர்பெற்று 'எபிடாஃப்ஸ் ஃப்ரம் த அபிஸ்' என்று வந்தது. ஓரிதழில் முடியும் தனிக் கதைகளுக்கு இடம் தந்ததற்காக அதனை வரவேற்கிறேன். ஆனால் பழைய இ.சி. தன் காலத்துச் சட்டத்தோடும் வழக்கத்தோடும் மோதியது, புதியதற்கு முன்னால் அத்தகைய சுவர் ஏதும் இல்லை.

அதே ஆண்டு அக்டோபரில் டி.சி. தொடங்கிய 'அப்சல்யூட்' வரிசையில் மூன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்காட் ஸ்னைடர் எழுத நிக் டிரகோட்டா வரையும் பேட்மேனுக்குச் செல்வமும் இல்லை, மாளிகையும் இல்லை; தாய் உயிரோடிருக்கிறாள்; தந்தை பள்ளி ஆசிரியர். பக்கத்தை விட்டுப் பிதுங்கும் அந்தப் பேருடலும், மார்புச் சின்னமே கோடரியாகக் கழன்று வருவதும் முதலில் வெறும் முரட்டு அலங்காரமாகவே எனக்குப் பட்டன. 'பேன்' என்னும் பகைவன் வரும் பகுதியில் நாயகனின் இளமைக்கால நண்பர்கள் உடல் சிதைந்து நிற்பதைக் கண்டபின் அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டேன். கெல்லி தாம்ப்சனும் ஹெய்டன் ஷெர்மனும் படைக்கும் 'வொண்டர் வுமன்' நரகத்தில் சூனியக்காரி சர்சியால் வளர்க்கப்பட்டவள். எலும்புக் குதிரை மீது வருகிறாள். பிறரை மீட்கத் தன் கையையே பலியிட்டவள். தறுகண்ணும் கொடையும் ஒரே செயலில் கூடும் அக்காட்சி, அச்சத்தின் நடுவே பெருமிதம் எழும் அரிய இடம். டெனிஸ் கேம்ப், ஹாவியர் ரோத்ரிகெஸ் இருவரின் 'மார்ஷியன் மேன்ஹன்டர்' 2025இல் வந்தது. மனிதர் எண்ணங்கள் பலவர்ணப் புகையாக எழுந்து தெருவெல்லாம் படர்வதைக் காணும் துப்பறிவாளனின் கதை அது. வர்ணமே அங்கே கதை சொல்கிறது.

வர்ணத்தைக் குறிப்பிட்டதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சித்திரக் கதையில் அச்சத்தின் ரகசியம் பக்கம் திருப்பும் கையில் இருக்கிறது. வலப்பக்கத்துக் கடைசிக் கட்டத்தில் கதவு திறக்கிறது. உள்ளே இருப்பது எது என்பது தாளைப் புரட்டினால்தான் தெரியும். புரட்டுகிற விரல் வாசகனுடையது, ஆதலால் அந்தப் பயங்கரத்துக்கு அவனும் உடந்தை. கட்டங்களின் இடைவெளியில் என்ன விடுபட்டது, பேச்சுப் பலூனில் எழுத்துகள் எப்படி மாறின, எந்த வர்ணம் எப்போது அடங்கியது என்பவற்றைக் கவனிக்காமல் எழுதும் விமர்சனம், சங்கீதக் கச்சேரிக்குப் போய்ச் சாகித்தியத்தின் அர்த்தத்தை மட்டும் எழுதி வருவதற்கு ஒப்பாகும். சாண்ட்மேன் பேசும்போது டாட் க்ளைன் கறுப்புப் பலூனில் வெள்ளெழுத்து இட்டாரே, அந்த ஒரு முடிவில் அப்பாத்திரத்தின் பாதி இருக்கிறது.

தமிழ் வாசகருக்குப் பெருமிதத்தோடு அச்சம் சேரும் இந்தக் கலப்பு அந்நியமானதன்று. 1972இல் முத்து காமிக்ஸ் நமக்கு அறிமுகப்படுத்திய இரும்புக்கை மாயாவி, உடல் மறைந்து கை மட்டும் அந்தரத்தில் தெரிய உலவியவன். அவன் பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் 1962இல் பிறந்தபோது, முதலில் குற்றத்தின் பக்கமே சாய்ந்தவன். சிவகாசியின் லயன் காமிக்ஸ் வாயிலாக நாம் அறிந்த ஸ்பைடரும் குற்றச் சக்கரவர்த்தியாகத் தொடங்கிக் காவலனானவன். சூப்பர்மேனைப் படைத்த அதே ஜெர்ரி சீகல் பின்னாளில் ஸ்பைடரின் கதைகளை எழுதினார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அஞ்சத்தக்கவனே நாயகனாவதை, சிறுவர்களாக இருந்தபோதே நாம் ரசித்துப் பழகியிருக்கிறோம்.

முதல் இதழை வைத்தே தீர்ப்பெழுதும் வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1991இல் ஐந்து வெவ்வேறு அட்டைகளோடு வந்த 'எக்ஸ்-மென்' முதல் இதழ் எண்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அந்த ஊக வாணிகக் காய்ச்சல் தணிந்தபின், 1996 டிசம்பரில் மார்வெல் நிறுவனமே திவால் மனுக் கொடுக்க நேர்ந்தது. இன்றும் முதல் இதழுக்கு அட்டைகள் பெருகுகின்றன. விமர்சனங்களும் முதல் இதழிலேயே குவிகின்றன. ஏழாவது இதழில் கதை தளர்ந்ததா, பன்னிரண்டாவதில் சொன்ன வாக்கைக் காப்பாற்றியதா என்று எழுதுவார் மிகச் சிலரே. இழப்பு நிலைத்ததா என்பதை முதல் இதழில் எவரும் அறிய முடியாது. ஆகவே விமர்சகர்களிடம் நான் வேண்டிக்கொள்வது இது: முதல் இதழைப் பற்றி எழுதியவர், அத்தொடரின் ஒரு பகுதி முடிந்த பின் மீண்டும் ஒருமுறை எழுதட்டும், முன்பு கொடுத்த மதிப்பெண் தவறென்று கண்டால் அதைத் தயங்காமல் திருத்தட்டும். வாசகர்களே, புதிதாகத் தொடங்க விரும்பினால் 'இம்மார்ட்டல் ஹல்க்' முதல் இதழிலிருந்து தொடங்குங்கள். பக்கங்களை அவசரமின்றித் திருப்புங்கள்.